டகோமா கண்காட்சிக்குத் துணை நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

ரென்டன், 9 ஜனவரி 2014

அன்புள்ளவர்களுக்கு வணக்கம்.

டகோமாவில் வாஷிங்டன் மாநில வரலாற்று அருங்காட்சியகத்தில் ஆகஸ்ட் முதல் நடந்துவந்த, ஒரு விமானத்தைக் கடத்தி மறைந்துபோனவனைப் பற்றிய 'கூப்பர்' கண்காட்சி போன ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்துவிட்டது. அது முடிவதற்குள் நம் வீட்டுப் பெரியவர்கள் பதினோரு பேரை அங்கே அழைத்துப்போய், கையில் தமிழ்க் குறிப்போடு நிதானமாகப் பார்க்கவைக்க முடிந்தது. என் ஒருத்தியால் ஆன காரியம் இல்லை. தொலைபேசியில் அவரவருக்குச் சொன்ன நன்றி எனக்குப் போதவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

ஆரம்பித்துவைத்தது அம்மா. செப்டம்பரில் ஊரிலிருந்து வந்தவர், ஒரு நாள் கறுப்புக் கண்ணாடி போட்ட அந்த முக ஓவியத்தைப் பார்த்துவிட்டு, "யாருடி இந்த ஆளு, எங்க பாத்தாலும் இருக்கான்?" என்று கேட்டார். 1971 நவம்பர் 24 அன்று போர்ட்லாந்திலிருந்து சியாட்டிலுக்கு வந்த விமானத்தைக் கடத்தி, 2 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு, இரவில் பாராசூட்டோடு குதித்து மறைந்தவன், கூப்பர் என்று பெயர் சொன்னவன், இன்றுவரை உண்மையில் யாரென்றே தெரியாது என்றேன். அம்மா அன்று விடவே இல்லை. 1999இல் கடத்தப்பட்டு கந்தகாரில் நம் விமானம் நின்ற நாட்களில் தொலைக்காட்சி முன்னாலேயே உட்கார்ந்திருந்தவர் அவர். "எனக்குப் படிச்சுக் காட்டு" என்றார். ஆறு மாத விசாவில் வருகிற பெரியவர்களுக்கு நாம் கடையும் கோவிலும் காட்டுகிறோம். அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனாலும் எழுத்து புரியாமல் ஓரமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். சரி, இந்த முறை தமிழில் ஒரு குறிப்பு எழுதிவிடலாம் என்று தொடங்கினேன்.

முதல் நன்றி எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு. விமான மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கூப்பர் கடத்தியது போயிங் 727 விமானம்; அந்த ரகம் உருவானது நம் ரென்டனில்தான் என்பதும், 1963இல் அது முதன்முதலாகப் பறந்தது இங்கிருந்துதான் என்பதும் அவர் சொல்லித்தான் எனக்கு மனதில் பதிந்தது. வால் பகுதியின் அடியில் இறங்கும் படிக்கட்டு எதற்கு என்று கேட்டேன். ஏணி வண்டி இல்லாத சின்ன விமான நிலையங்களிலும் ஆட்கள் ஏறி இறங்குவதற்காம். கடத்தியவன் இந்தப் படிக்கட்டை நம்பித்தான் திட்டமே போட்டிருக்கிறான். 10,000 அடிக்கு மேலே போகக்கூடாது, சக்கரங்களை உள்ளே இழுக்கக்கூடாது, இறக்கை மடிப்புகள் 15 டிகிரியில் இருக்க வேண்டும், உள்ளே காற்றழுத்தம் ஏற்றக்கூடாது என்றெல்லாம் அவன் கேட்டது ஏன் என்பதை இவர் ஒவ்வொன்றாக விளக்கினார். மெதுவாகவும் தாழ்வாகவும் பறந்தால்தான் படிக்கட்டைத் திறந்து குதிக்க முடியும்.

அதற்கப்புறம் 727 விமானங்களில் 'கூப்பர் வேன்' என்று ஒரு சின்னத் தகட்டைப் பொருத்தினார்கள். தமிழில் அப்படியே எழுதினால் ஏதோ வண்டி என்று நினைத்துக்கொள்வார்கள். எப்படிச் சொல்வது என்று நான் விழித்தபோது, அவர் ஓர் அட்டைத் துண்டை வெட்டி ஆணியில் மாட்டி மேசை விசிறி முன் பிடித்தார். காற்று அடித்ததும் அட்டை திரும்பி வழியை மறித்தது, விசிறியை நிறுத்தியதும் பழைய இடத்துக்கு வந்தது. பறக்கும்போது படிக்கட்டைத் திறக்கவிடாது, தரையில் நிற்கும்போது விட்டுவிடும். 'காற்றுத் தடுப்புத் தகடு' என்று எழுதினேன். அந்த அட்டையையும் கையோடு டகோமாவுக்கு எடுத்துப்போனோம். ஐயா, உங்கள் மூன்று மாலை நேரங்களுக்கு நன்றி.

அடுத்து, தஞ்சாவூரிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருக்கும் தமிழாசிரியர் ஐயா. இந்த மடலில் அவரைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும். குறிப்பைத் திருத்தித் தரச் சொல்லிக் கொடுத்தேன். தலைப்பிலேயே முதல் திருத்தம். வெறும் 'கடத்தல்' என்று போட்டால் விமானத்தில் தங்கம் கடத்தியது என்று நினைப்பார்கள், 'விமானத்தைக் கடத்தியது' என்று எழுதுங்கள் என்றார். மறுநாள் வீட்டுக்கே வந்துவிட்டார். பக்கமெல்லாம் சிவப்பு மை. நான் கூப்பரை 'அவர்' என்று எழுதியிருந்தேன். மரியாதையாக நடந்துகொண்டான், போர்பன் விஸ்கி வாங்கிக் குடித்துக் காசு கொடுத்தான் என்றெல்லாம் படித்ததில் கை தானாக அப்படி எழுதிவிட்டது. பணிப்பெண்ணை 'அவள்' என்று எழுதியிருந்தேன்.

ஐயா சத்தமே போடவில்லை. "பெட்டிக்குள்ள வெடிகுண்டு இருக்குன்னு திறந்து காட்டினவனுக்கு 'அவர்'. அவன் பக்கத்துல உட்கார்ந்து எல்லாரையும் காப்பாத்தின பொண்ணுக்கு 'அவள்'. மாத்திப் போடுங்கம்மா" என்றார்.

அன்று இரவு முழுக் குறிப்பையும் புதிதாக எழுதினேன். கூப்பரைப் பற்றிய பத்தி சுருங்கியது. அந்தப் பணிப்பெண் டினா மக்லோ பற்றிய பத்தி வளர்ந்தது. அவருக்கு அப்போது வயது 22. வெடிகுண்டு இருக்கிறது என்று அவன் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டை முதலில் வாங்கியவர் இன்னொரு பணிப்பெண், ஃபுளோரன்ஸ் ஷாஃப்னர். யாரோ தொலைபேசி எண் எழுதிக் கொடுக்கிறான் என்று நினைத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டவரிடம், அவன் குனிந்து, அதைப் படித்துப் பார்க்கச் சொன்னான். பிறகு அவன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அவன் சொல்வதை விமானிகளிடம் சொல்லி, சிகரெட்டைப் பற்றவைத்துக் கொடுத்து, அவனைப் பதற்றமில்லாமல் வைத்திருந்தவர் மக்லோ. சியாட்டிலில் இறங்கியதும் பணப்பையை உள்ளே கொண்டுவந்ததும் அவரே. பயணிகள் 36 பேர் இறங்கிப் போனார்கள். ஏதோ சின்ன இயந்திரக் கோளாறு என்றுதான் அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். அவர்கள் போன பிறகும், கேப்டன் வில்லியம் ஸ்காட்டோடும் மற்ற இரு விமானி அறைக்காரர்களோடும் மக்லோ விமானத்திலேயே இருந்தார். இதையெல்லாம் நான் ஏற்கெனவே படித்திருந்தேன். ஆனால் என் குறிப்பில் அதற்கு இரண்டு வரிதான் கொடுத்திருந்தேன். ஐயா, அந்தச் சிவப்பு மைத் தாள்களைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கும் நன்றி, குறிப்பாக அரிசி மூட்டை யோசனையைச் சொன்ன ஒன்பதாம் வகுப்பு மாணவனுக்கு. 20 டாலர் நோட்டாக 10,000 நோட்டு. ஒரு நோட்டு ஏறக்குறைய ஒரு கிராம், ஆக மொத்தம் 10 கிலோவுக்குப் பக்கம். ஏறக்குறைய நாம் கடையில் வாங்கும் 20 பவுண்டு சோனா மசூரி மூட்டையின் கனம்தான். கிளம்புவதற்கு முன் அந்த மூட்டையை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தான். அதை இடுப்பில் கட்டிக்கொண்டு, மழையில், இருட்டில், சாதாரணக் காலணியோடு குதிப்பதை நினைத்துப் பார்க்கச் சொன்னான். பெரியவர்கள் வண்டியில் போகும் வழியெல்லாம் அதையே பேசிக்கொண்டு வந்தார்கள்.

மூன்று வண்டிகளை ஓட்டியவர்களுக்கும், சக்கர நாற்காலியைத் தள்ளிய தம்பிக்கும், தயிர்சாதம் கட்டிக்கொடுத்த அக்காவுக்கும் நன்றி.

அருங்காட்சியகத்தில் எங்களோடு நின்ற வழிகாட்டி அம்மையாருக்கு எப்படி நன்றி சொல்வது? ஒவ்வொரு இடத்திலும், நான் தமிழில் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். அன்றைக்குப் பணத்தோடு கூப்பர் கேட்டு வாங்கிய நாலு பாராசூட்டுகளில் அவன் விமானத்திலேயே விட்டுப்போன ஒன்று அங்கே இருந்தது. எங்கள் கூட்டம் அதன் முன்னால்தான் அதிக நேரம் நின்றது. "ஒருத்தன் குதிக்க நாலு எதுக்குக் கேட்டான்?" என்று அம்மா கேட்டதை மொழிபெயர்த்தேன். அம்மையார் முகம் மலர்ந்துவிட்டது. முதுகில் கட்டுவது இரண்டு, முன்னால் கட்டுவது இரண்டு. யாரையாவது பிணையாகக் கூட்டிக்கொண்டு குதிப்பானோ என்ற பயத்தில் பழுதான பாராசூட்டைக் கொடுக்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருக்கலாம் என்றார். அப்படியும் முன்பக்கப் பாராசூட்டுகளில் ஒன்று பயிற்சிக்கு வைத்திருந்த தைத்து மூடிய பொம்மைப் பாராசூட். தெரியாமல் கொடுத்துவிட்டார்கள். சியாட்டிலிலிருந்து மறுபடி கிளம்பிய விமானம், அவன் குதித்த பிறகு, நெவாடா மாநிலத்து ரீனோவில் இறங்கியபோது அதுவும் காணவில்லை. விமானத்தில் கிடைத்தவற்றில் ஒன்று அவன் கழற்றிவைத்த கறுப்பு டை.

கொலம்பியா ஆற்றங்கரை மணலில் 1980இல் எட்டு வயதுச் சிறுவனுக்கு 5,800 டாலர் கிடைத்ததையும், அந்த நோட்டு எண்கள் அவனுக்குக் கொடுத்த நோட்டுகளின் எண்களோடு ஒத்துப்போனதையும் கேட்டபோது, பதினோரு பேரும் ஒரே நேரத்தில் "மிச்சம்?" என்றார்கள். அதற்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அம்மையாரே புரிந்துகொண்டு கையை விரித்தார். மிச்சப் பணத்தில் ஒரு நோட்டுகூட இன்றுவரை எங்கும் வெளிப்படவில்லை.

திரும்பி வரும்போது வண்டியில் அம்மா ரொம்ப நேரம் பேசவே இல்லை. நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு, "அந்தப் பொண்ணு அன்னைக்கு ராத்திரி சாப்பிட்டிருக்குமா?" என்று கேட்டார். நான் படித்த எதிலும் அந்தக் கேள்வியைப் பார்த்ததில்லை.

தமிழ்க் குறிப்பில் இன்னும் பதினாறு படிகள் என்னிடம் இருக்கின்றன. பெரியவர்களுக்கு வேண்டும் என்றால் சொல்லுங்கள், வீட்டிலேயே கொண்டுவந்து தருகிறேன். அம்மா மூன்று படிகளை ஊருக்கு எடுத்துப்போகப் பெட்டியில் வைத்துவிட்டார்.

அந்த 20 பவுண்டு அரிசி மூட்டை இன்னும் பிரிக்காமல் இருக்கிறது. 18ஆம் தேதி சனிக்கிழமை எங்கள் வீட்டில் அதில்தான் பொங்கல். பக்கத்து வீட்டு ஐயாவும் வழிகாட்டி அம்மையாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் எல்லோரும் பதினோரு மணிக்கு வந்துவிடுங்கள். தமிழாசிரியர் ஐயாவை நானே வந்து அழைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
பொங்கலன்று உங்களுக்காகக் காத்திருக்கும் ரென்டன் தோழி