தடயத்தின் பயணத்துக்கும் சாட்சி வேண்டும்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும், தடய அறிவியல் துறை இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம். தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011-ஆம் ஆண்டு ஓர் இளம்பெண்ணும் இளைஞரும் கொல்லப்பட்ட வழக்கில், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உறுதி செய்திருந்த தூக்குத் தண்டனையை 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, தண்டிக்கப்பட்டவரை விடுதலை செய்தது. டி.என்.ஏ. அறிக்கை அவருக்கு எதிராகவே இருந்தது. ஆனால் மாதிரிகளை அனுப்புவதில் ஏற்பட்ட தாமதத்துக்கு விளக்கம் இல்லை, இடைப்பட்ட காலத்தில் அவை யார் பொறுப்பில் இருந்தன என்பது நிறுவப்படவில்லை, அவை மாசுபட்டிருக்கலாம் என்ற ஐயமும் நீங்கவில்லை என்பதால் நீதிமன்றம் அந்த அறிக்கையை ஏற்கவில்லை. இரு குடும்பங்கள் 14 ஆண்டுகளுக்குப் பிறகும் விடையின்றி நிற்கின்றன. ஒரு மனிதர் தூக்குக் கயிற்றின் நிழலில் ஆண்டுகளைக் கழித்திருக்கிறார். செஷன்ஸ் நீதிமன்றத்தில் வழக்காடும் ஒருவன் என்ற முறையில், இந்தத் தீர்ப்பு உங்கள் இருவரிடமும் கேட்பதை நினைவூட்டவே இம்மடலை எழுதுகிறேன்.

ஆய்வகத்தின் அறிவியலை நான் ஐயுறவில்லை. கைரேகைக்கென உலகின் முதல் பிரிவு 1897-இல் கல்கத்தாவில்தான் தொடங்கியது; தடயத்தை மதிக்கும் மரபு நமக்குப் புதிதல்ல. ஆனால் டி.என்.ஏ. பொருந்துவது, அந்த உயிர்த்தடயம் யாருடையது என்பதை மட்டுமே சொல்லும். அது அங்கே எப்படி வந்தது என்பதைச் சொல்லாது. ஜெர்மனியிலும் அண்டை நாடுகளிலும் பல குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் டி.என்.ஏ. கிடைத்ததாகக் கருதி ஆண்டுக்கணக்கில் ஒரு கொலையாளியைத் தேடினார்கள். அது, மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சிகளைப் பொதிந்த தொழிலாளி ஒருவருடையது என்று 2009-இல் தெரியவந்தது. சோதனை சரியாகத்தான் இருந்தது, குச்சிதான் சரியில்லை.

நம்மிடம் பிழை நேரும் இடங்கள் இதைவிட எளியவை. இரத்தக்கறை படிந்த சட்டையை ஈரத்தோடு பாலித்தீன் பையில் போட்டுக் கட்டினால், நம் ஊர் வெயிலில் பூஞ்சை படர்ந்து டி.என்.ஏ. சிதையத் தொடங்கிவிடும், நிழலில் உலர்த்தித் தாள் உறையில் இட வேண்டும் என்பது பயிற்சியில் சொல்லித்தரப்படுவதுதான். ஆனால் உலர்த்த இடமும் போதிய தாள் உறையும் இல்லாத நிலையத்தில் ஏட்டையா என்ன செய்வார்? அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதே தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகள் தெளிவானவை. முதல் தகவல் அறிக்கையின் எண்ணும் தேதியும், சட்டப்பிரிவும், விசாரணை அதிகாரியின் விவரமும் உறைமேல் இருக்க வேண்டும். 48 மணி நேரத்துக்குள் மாதிரி ஆய்வகத்தைச் சேர வேண்டும், தாமதமானால் காரணத்தை வழக்கு நாட்குறிப்பில் எழுத வேண்டும். விசாரணை நீதிமன்றத்தின் அனுமதியின்றி உறையைத் திறக்கக் கூடாது. சேகரித்த நொடி முதல் தீர்ப்பு வரை மாதிரி கைமாறிய விவரம் ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டும். அப்பதிவேட்டின் மாதிரிப் படிவத்தை வகுக்கும் பொறுப்பு மாநிலக் காவல்துறைத் தலைமை இயக்குநர்களிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது.

அந்தப் படிவம் தமிழில் இருக்கட்டும். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் தருபவர், பெறுபவர் இருவரின் கையொப்பமும் நேரமும் முத்திரையின் நிலையும் தனிக் கட்டங்களில் வரட்டும். நம் நடைமுறையில் மாதிரிகள் பெரும்பாலும் நீதித்துறை நடுவரின் கடிதத்தோடுதான் ஆய்வகத்துக்குச் செல்கின்றன. 48 மணி நேரக் கெடு பெரிதும் தடுமாறப்போவது அங்கேதான். விடுமுறை நாளிலும் அக்கடிதம் கிடைக்க வழி காணுமாறு உயர் நீதிமன்றத்திடம் நீங்களே முறையிட வேண்டும்.

தடய அறிவியல் துறைக்கும் ஒரு வேண்டுகோள். முத்திரை உடைந்தோ எண் மாறியோ வரும் உறையைப் பெறும்போதே ஒளிப்படம் எடுத்து, அக்குறையை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். ஆய்வகப் பணியாளர்கள், சம்பவ இடத்துக்குச் செல்லும் காவலர்கள் ஆகியோரின் டி.என்.ஏ. விவரங்களை, அவை மாதிரியில் கலந்துவிட்டனவா என்று ஒப்பிட்டுப் பார்க்க மட்டும், அவர்களுடைய ஒப்புதலோடு தனியே வையுங்கள்.

பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 230-ஆம் பிரிவின்படி குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கு ஆவணங்களை வழங்கும்போது, இப்பதிவேட்டின் நகலையும் கேட்காமலேயே சேர்த்துத் தருமாறு எல்லா நிலையங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
செஷன்ஸ் நீதிமன்ற வழக்கறிஞர் ஒருவர்