நாங்கள் கேட்க முடியாததை நீங்கள் கேளுங்கள்

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்கும் மாநிலங்களவைக்கும் சென்றிருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டே பழகியவன் நான். ஒரு வெள்ளைத்தாள், அதில் பத்து ரூபாய்க் கோர்ட் வில்லை, அப்புறம் தபால் செலவு. தெருச் சாக்கடை ஏன் பாதியில் நிற்கிறது என்பதில் தொடங்கி ரேஷன் கடைக்கு எத்தனை மூட்டை வந்தது என்பது வரை கேட்டிருக்கிறேன். பாதிக்குப் பதில் வரும், மீதிக்கு மேல்முறையீடு. வேலையற்ற வேலை என்று வீட்டில் சொல்வார்கள். இருக்கட்டும்.

2005ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த வரி ஒன்று இருந்தது. தனிநபர் தகவலை எப்போது மறுக்கலாம் என்று சொல்லும் பிரிவு 8(1)(ஜே)யின் கடைசியில் வரும். நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்த மனிதருக்கும் மறுக்கக் கூடாது என்பது அதன் சாரம். அதாவது, கேள்வி கேட்கும் விஷயத்தில் நீங்களும் நானும் ஒரே வரிசை. அந்த வரி இப்போது இல்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 44(3) என்று ஒரு சின்னப் பிரிவு உண்டு. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தபோது 8(1)(ஜே) முழுவதையும் வழித்துவிட்டு, 'தனிநபர் தொடர்பான தகவல்' என்ற அளவில் நிறுத்திவிட்டது. பெயர் இருக்கும் எந்தக் காகிதத்தையும் இனி அந்தச் சொல்லைக் காட்டி மூடி வைக்கலாம். பொதுநலன் கருதித் தகவல் தரலாம் என்னும் 8(2) அப்படியே இருக்கிறதே என்று அரசு சொல்கிறது. இருக்கிறதுதான். ஆனால் அது அதிகாரி மனது வைத்தால் தரலாம் என்கிற ஏற்பாடு. பத்து ரூபாய் வில்லைக்கு எந்த அதிகாரி மனது வைப்பார்?

இந்தச் சட்டம் மக்களவையில் நிறைவேறியது 2023 ஆகஸ்ட் 7 அன்று, மணிப்பூர் அமளிக்கு நடுவே, குரல் வாக்கெடுப்பில். உங்களில் பலர் அப்போதும் உறுப்பினர்கள். குறை சொல்வதற்காக இதை நினைவுபடுத்தவில்லை. எங்கள் கதவு சாத்தப்பட்டுவிட்டது, உங்கள் கதவு திறந்திருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

சரி, எதைப் பற்றிக் கேட்க வேண்டும்? அங்கன்வாடியிலிருந்தே தொடங்குங்கள்.

2025 ஜூலை 1 முதல், வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் ஊட்டச்சத்து உணவை வாங்க முகப் பதிவு கட்டாயம். நம் ஊரில் அது சத்துமாவு பாக்கெட். கர்ப்பிணியோ பாலூட்டும் தாயோ வந்து நிற்க வேண்டும். பணியாளர் தன் செல்ஃபோனில் மத்திய அரசின் போஷன் டிராக்கர் செயலியைத் திறந்து படம் பிடிப்பார். ஆதாரை வைத்து முன்பு பதிந்த முகத்தோடு அது பொருந்த வேண்டும். பதிவு செய்யும்போது ஓடிபியும் வேண்டும். ஆதாரில் இருப்பது கணவரின் எண், கணவர் வேலைக்குப் போயிருப்பது திருப்பூருக்கு என்றால், மையத்து வாசலிலிருந்து அவருக்குப் போன் போட்டு, தறிச் சத்தத்துக்கு நடுவே ஆறு இலக்கங்களைக் கேட்டு வாங்க வேண்டும். சிக்னல் இல்லை, பழைய போனில் செயலி திறக்கவில்லை, பிரசவத்துக்குப் பின் முகம் மாறிவிட்டது என்று தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் அங்கன்வாடி ஊழியர் சங்கங்கள் புலம்பிவிட்டன. போராடியும் பார்த்துவிட்டன.

அந்தச் சத்துமாவு யாரும் போடும் பிச்சை இல்லை. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கர்ப்பிணிக்கும், பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் வரை தாய்க்கும், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைக்கும் கொடுத்த உரிமை அது. ஆதார் எண்ணைக் காட்ட முடியவில்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் நலத்திட்டப் பலனை மறுக்கக் கூடாது என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் சொன்னார்கள். ஒரு பாக்கெட் மாவு வாங்க வந்த பெண்ணிடம் இந்த இரண்டு தீர்ப்பையும் யாரும் படித்துக் காட்டப் போவதில்லை.

இதுபற்றி அவையில் பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். தரவு பாதுகாப்பாக உள்ளது, இத்தனை சதவீதப் பயனாளிகளின் முகப் பதிவு முடிந்துவிட்டது என்பார்கள். முடிந்தவர்களை எண்ணுவது சுலபம். பழைய நோட்டுப் பதிவேட்டில் வராதவர் பெயருக்கு நேரே கட்டம் காலியாக இருக்கும். மேற்பார்வையாளர் புரட்டினால் கண்ணில் படும், 'ஏம்மா இது காலியா இருக்கு?' என்று கேட்பார். முகம் பொருந்தாமல் வெறுங்கையோடு திரும்பிய பெண்ணுக்கு அந்தச் செயலியில் ஒரு கட்டம் இருக்கிறதா? எனக்கு வேண்டியது அந்த எண். மாவட்டவாரியாக, மாதவாரியாக, எத்தனை முறை முகம் பொருந்தவில்லை, அதில் எத்தனை பேருக்கு அன்றே வேறு வழியில் பாக்கெட் கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். அப்படி ஒரு கணக்கே வைத்திருக்கவில்லை என்றால், அதையாவது எழுத்தில் வாங்குங்கள்.

'தகவல் இல்லை' என்ற பதிலுக்கும் மதிப்பு உண்டு. 2020 செப்டம்பரில் மக்களவையில், ஊரடங்கின்போது ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, அப்படிப்பட்ட தரவு எதுவும் இல்லை என்றது தொழிலாளர் அமைச்சகம். தரவு இல்லாததால் இழப்பீடு என்ற கேள்வியும் எழவில்லையாம். நாடே தலைகுனிந்த பதில் அது. நூறு மேடைப்பேச்சு வெளிக்கொண்டு வராததை அந்த ஒரு கேள்வி கொண்டுவந்தது. 2017 ஜூலையிலும் இப்படித்தான். மத்திய, மாநில அரசுத் துறைகளும் கல்வி நிறுவனங்களும் நடத்திய சுமார் 210 இணையதளங்கள் பயனாளிகளின் பெயர், முகவரியோடு ஆதார் எண்ணையும் ஊருக்கே காட்டிக்கொண்டிருந்தது மக்களவையில் தந்த எழுத்துப்பூர்வ பதிலில்தான் அதிகாரபூர்வமாக வெளிவந்தது. ஆதார் ஆணையத்திலிருந்து எதுவும் கசியவில்லை என்றார்கள். உண்மையாகவே இருக்கலாம். பூட்டிய பெட்டியிலிருந்து போனால் என்ன, திண்ணையில் கிடந்து போனால் என்ன?

விடாமல் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு நெதர்லாந்தில் நடந்ததைச் சொல்கிறேன். குழந்தைப் பராமரிப்புக்கான உதவித்தொகையில் மோசடி செய்தார்கள் என்று ஆயிரக்கணக்கான பெற்றோர் மீது அங்கே வரித்துறை பழி சுமத்தி, முழுத் தொகையையும் திருப்பிக் கேட்டது. பலர் வீட்டை இழந்தார்கள், கடனில் மூழ்கினார்கள். யாரைச் சந்தேகிப்பது என்று தீர்மானித்த கணினி முறையில், நெதர்லாந்துக் குடியுரிமை இல்லாததும் ஒரு கணக்காகச் சேர்ந்திருந்தது. தங்கள் கோப்பைக் கேட்ட பெற்றோருக்குப் பக்கம் பக்கமாகக் கறுப்பு மை பூசிய தாள்கள் வந்தன. பீட்டர் ஒம்ட்சிக்ட், ரென்ஸ்கே லெய்டன் என்ற இரண்டு உறுப்பினர்கள் வருடக்கணக்கில் இதைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பதில் மழுப்பலாக வந்தால் அந்த மழுப்பலைப் பற்றி அடுத்த கேள்வி. 2021 ஜனவரி 15 அன்று பிரதமர் மார்க் ருட்டேயின் அமைச்சரவை மொத்தமாக ராஜினாமா செய்தது. இதில் கவனிக்க வேண்டியது, லெய்டன் எதிர்க்கட்சிக்காரர், ஒம்ட்சிக்ட் ஆளும் கூட்டணிக் கட்சிக்காரர். கூட்டணி தர்மம் என்று அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை.

நம் அவையின் நடைமுறை என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மக்களவையில் ஒரு நாளைக்கு அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய நட்சத்திரக் கேள்விகள் 20, அதிலும் அந்தப் பதிலுக்கு எட்டுவது நாலைந்து. 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில். ஒருவர் கேட்டால் குலுக்கலில் விழுந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நீங்கள் மக்களவையில் 39 பேர், மாநிலங்களவையில் 18 பேர். ஆளுக்கொரு கேள்வியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பொருந்தாத முகங்களின் எண்ணிக்கையை ஒருவர் கேட்கட்டும். எடுத்த முகப்படம் எந்த சர்வரில், எத்தனை ஆண்டு இருக்கும், குழந்தைக்கு ஆறு வயது முடிந்ததும் தாயின் முகம் அழிக்கப்படுமா என்று இன்னொருவர். காவல்துறையோ வேறு துறையோ கேட்டால் கொடுப்பீர்களா என்று மூன்றாமவர். புதிய சட்டத்தின் பிரிவு 7, மானியமும் நலத்திட்டப் பலனும் தருவதற்கு அரசு தனியாகச் சம்மதம் வாங்க வேண்டியதில்லை என்கிறது. அரசு அமைப்பு எதற்கும் முழு விலக்கு அறிவிக்கப் பிரிவு 17 இடம் தருகிறது. அந்த விலக்கு யார் யாருக்கு என்று நான்காமவர் கேட்கலாம். 'தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்' என்று பதில் வந்தால் விட்டுவிடாதீர்கள். அது உறுதிமொழி. அதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது, மூன்று மாதக் கெடுவும் இருக்கிறது.

விழுப்புரம் உறுப்பினர் ரவிக்குமார் 2019இல் அந்தரங்கப் பாதுகாப்புக்காகத் தனிநபர் மசோதா ஒன்றையே கொண்டுவந்தவர். ஆக, இந்த விஷயம் நம் ஊர்க்காரர்களுக்குப் புரியாதது அல்ல. புரிந்தும் நாமே சறுக்குகிறோம் என்பதுதான் வருத்தம். 2025 ஜூலையில் திமுகவின் 'ஓரணியில் தமிழ்நாடு' உறுப்பினர் சேர்க்கைக்கு வீடு வீடாக ஓடிபி கேட்டதை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நிறுத்தி வைத்தது, உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. டெல்லியில் கேட்கும் கேள்வியைச் சென்னையிலும் கேளுங்கள் என்று இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள் பாக்கி. பதில் வந்ததும், அது ஆங்கிலத்தில் இருந்தாலும் இந்தியில் இருந்தாலும், தமிழில் ஒரு பக்கமாக எழுதி உங்கள் தொகுதி அலுவலக வாசலில் ஒட்டுங்கள். பிறந்தநாள் வாழ்த்து போஸ்டருக்குப் பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை. அங்கன்வாடிக்குப் போகும் வழியில் நின்று படித்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
கையில் பத்து ரூபாய் வில்லைகள் இன்னும் மிச்சமிருக்கும் ஒரு வாக்காளர்