ஆண்டறிக்கை: கட்டை, திரை, மைக்

தலைவர் அவர்களுக்கும், வாத்தியார்களுக்கும், சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

திரௌபதி அம்மன் கோயில் கூத்துகள் இந்த ஆண்டும் குறைவில்லாமல் நடந்தன. மழையால் தள்ளிப்போன ஆட்டங்களையும் பிறகு ஆடிக் கொடுத்துவிட்டோம். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. சென்ற பொதுக்குழுவில் சூடாகப் பேசப்பட்ட கட்டை விவகாரத்துக்கு, அதாவது வேஷக்காரர்கள் கட்டும் மர அணிகளின் விவகாரத்துக்கு, வருகிறேன்.

கல்யாண முருங்கை மரத்தில் செய்த கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் விடிய விடிய ஆடக் கனமாக இருக்கிறது, வண்டியில் கொண்டுபோவதும் சிரமம், தெர்மாகோலுக்கு மாறலாம் என்று இளைஞர்கள் கேட்டார்கள். சரி, துரியோதனன் வேஷத்துக்கு மட்டும் செய்து பார்ப்போம் என்று முடிவானது. செய்தோம். பார்க்க அச்சு அசல் மரம்தான். ஆனால் ஆடியவர் சந்தைக்குப் போகிறவர் போல நடந்து வந்தார். மரக்கட்டை கட்டினால் கழுத்தை மட்டும் திருப்ப முடியாது, மார்போடு சேர்ந்து மொத்த உடம்பும் திரும்ப வேண்டும். ராஜ நடை அங்கேதான் பிறக்கிறது. வேகமாகச் சுழன்று கிறிக்கி சுற்றும்போது புஜக்கட்டை பிய்ந்து மத்தளக்காரர் மடியில் விழுந்தது தனிக்கதை.

"கூத்துப்பட்டறை நடிகர்கள் கட்டை கட்டாமலே அடவு கற்றார்களே?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி. 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய அந்த நவீன நாடகக் குழுவினருக்குக் கூத்து வாத்தியார் புரிசை கண்ணப்பத் தம்பிரான் கூத்து கற்றுக்கொடுத்தது உண்மை. ஆனால் அவர்கள் கற்ற அடவே கட்டையைச் சுமந்து சுமந்து உருவானது என்பது என் எண்ணம். வாத்தியார்கள் மறுத்தால் கேட்டுக்கொள்கிறேன்.

வெளிச்சமும் அப்படித்தான். கட்டையில் கண்ணாடிச் சில்லு பதித்தது தீவட்டி காலத்தில். அசையும் சுடரில் அது மின்னும். டியூப் லைட்டில் அரிதாரமும் வெளுத்துப்போகிறது, சில்லும் செத்துப்போகிறது. இந்த ஆண்டு திரௌபதியைத் துகிலுரியும் துகில் கூத்தில் இரண்டு பக்கமும் தாழ்வாக மஞ்சள் பல்பு வைத்தோம். துச்சாதனன் திரும்பும்போதெல்லாம் மார்பு பளிச்சிட்டது. முன்வரிசைப் பிள்ளைகள் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

மைக் பெரிய தலைவலி. நடுவில் ஒரு மைக்கைத் தொங்கவிட்டால் ராஜாவும் மந்திரியும் அதன் கீழேயே நிற்கிறார்கள், களம் முழுக்கக் காலி. இப்போது இரண்டாகத் தொங்கவிடுகிறோம். கோமாளியாக வரும் கட்டியக்காரன் மைக்கை நம்பாமல் ஜனங்களுக்குள் போய்ப் பேசலாம் என்று விட்டதில் அவருக்குத்தான் கைதட்டல் அதிகம்.

வேஷம் களத்துக்கு வரும்போது திரை பிடிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேஷக்காரர் உள்ளே பாடிக்கொண்டே கிரீட நுனியை மட்டும் காட்டி, திரையைப் பிடித்து உலுக்கும்போது வெளியே பிடித்திருப்பவர் இழுத்துக் கொடுக்க வேண்டும். அந்த இழுபறியிலேயே கோபம் தெரிந்துவிடும். ஒரு கையில் செல்போன் இருந்தால் எப்படித் தெரியும்?

பயிற்சியில் இந்த ஆண்டு பெண் பிள்ளைகளும் சேர்ந்திருக்கிறார்கள். இருக்கும் புஜக்கட்டைகள் பெரிய ஆண்களின் தோளுக்குச் செய்தவை, பிள்ளைகள் கட்டினால் சரிந்து கை தூக்க முடியவில்லை. துணி வைத்து அடைத்து ஒப்பேற்றாமல் அவரவர் தோளுக்கு அளவெடுத்துச் செதுக்கித் தர ஆசாரி ஒத்துக்கொண்டிருக்கிறார். மரம்தான் கிடைப்பதில்லை. வேலியில் கல்யாண முருங்கை வைத்திருக்கும் உறுப்பினர்கள் வெட்டுவதற்கு முன் சங்கத்துக்குச் சொல்லுங்கள்.

கூலி உட்பட இதற்கான செலவைப் பொருளாளர் தன் கணக்கில் வாசிப்பார். அதோடு இந்த அறிக்கையையும் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்