தரங்கம்பாடி அண்ணனுக்கு

2020 மார்ச் 25. ஊரடங்கு வந்ததும் நாங்கள் தர்மபுரியிலேயே மாட்டிக்கொண்டோம். தரங்கம்பாடியில் அம்மாவின் பூர்வீக வீடு பூட்டியே கிடந்தது. அப்போது மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். வீட்டைப் பார்க்கப் போகிறேன் என்றால் யார் தருவார்கள்?

கடற்கரை வீட்டை நாலு மாதம் கவனிக்காமல் விட்டால் உப்புக்காற்று தின்றுவிடும்.

ஜூனில் முன்பின் தெரியாத நீங்கள்தான் போனில் கூப்பிட்டீர்கள். வீட்டுச் சுவரில் எழுதியிருந்த என் நம்பரைப் பார்த்தீர்களாம். "சன்ஷேடு காரை பேந்து விழுது தம்பி, கம்பி துருப்பிடிச்சுப் பருத்துடுச்சு. கீழ புள்ளைங்க விளையாடுது." நான் ஆள் தேடுவதற்குள் நீங்களே கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, சிமெண்ட் பால் அடித்து, பூசி முடித்துவிட்டீர்கள். கடல் மணல் உப்பு என்று ஆற்று மணலை எங்கிருந்தோ கொண்டுவந்தீர்கள். குடத்தில் நல்ல தண்ணீர் சுமந்து ஒரு வாரம் நனைத்ததைப் பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரியும்.

வாங்கிக்கொண்டது சிமெண்ட் காசு மட்டும். கூலி பேச்செடுத்தால் போனை வைத்துவிடுவீர்கள்.

செப்டம்பரில் இ-பாஸ் வேண்டாம் என்று அரசு சொன்னதும் ஓடிவந்தோம். நீங்கள் வேலைக்கு வெளியூர் போய்விட்டீர்கள், உங்கள் நம்பருக்கும் போன் போகவில்லை. பேர்கூடக் கேட்டு வைக்கவில்லை, என் புத்தி அப்படி.

அண்ணே, அந்தப் பூச்சு இன்னும் ஒரு விரிசல் விடவில்லை. அம்மா உங்களை வருஷா வருஷம் மாம்பழ சீசனில் கேட்கிறாள். சுவரில் அதே நம்பர்தான் இருக்கிறது, கூப்பிடுங்கள்.