என் அரிவாள்மணையின் மூன்று பற்கள்: ஒரு திறந்த மடல்

சமையல் தளம் நடத்தும் நிறுவனத்தின் வலைப்பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

நான் வரைந்த படவுருக்கள் (ஐகான்கள்) உங்கள் தளத்தில் என் பெயர் இல்லாமல் இருப்பதைச் சொல்லி மின்னஞ்சல் எழுதியிருந்தேன். அதற்கு 19 நாட்களுக்கு முன் நீங்கள் அனுப்பிய பதிலை எதிரில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கோப்புகளைச் சுருக்கும் கருவிதான் என் பெயரை நீக்கிவிட்டது, நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்லியிருந்தீர்கள். நம்புகிறேன். ஆனால் நீக்கியது கருவி என்றால், திரும்பச் சேர்க்க வேண்டியவர் யார்? அதற்கு உங்கள் பதிலில் ஒரு சொல்லும் இல்லை. தளமும் அன்று இருந்தபடியே இருக்கிறது.

அம்மி, உரல், முறம், ஆட்டுக்கல் என்று நான் வரைந்த 40 படவுருக்களில் அதிக நாள் எடுத்தது அரிவாள்மணை. 24க்கு 24 படப்புள்ளிக் கட்டத்துக்குள் அது அடங்கவே மறுத்தது. அலகைக் கொஞ்சம் கூடுதலாக வளைத்தால் அன்னத்தின் கழுத்து. பலகையைத் தடிமனாக்கினால் படகு. நுனியில் இருக்கும் தேங்காய்த் துருவிதான் பெரும்பாடு. பாட்டி வீட்டு அரிவாள்மணையைப் பக்கத்தில் வைத்து எண்ணி எண்ணி வரைந்த பற்கள், கைப்பேசித் திரையில் ஒரே கறுப்புத் திட்டாக ஒட்டிக்கொண்டன. ஒவ்வொன்றாகக் குறைத்தேன். மூன்றில் வந்து நின்றபோதுதான் துருவி துருவியாகத் தெரிந்தது. மூன்று பல் துருவியை எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை. உங்கள் தளத்தில் பார்க்கிறேன். சுருக்கியதில், கோடுகளின் இடத்தைக் குறிக்கும் எண்களின் கடைசி இலக்கங்கள் உதிர்ந்திருக்கின்றன, கோடுகள் என்னுடையவை.

பணம் கேட்கவில்லை. கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர்குறிப்பிடல் 4.0 உரிமத்தில் வெளியிட்டவன் நான்தான். வணிகத்துக்குப் பயன்படுத்தலாம், நிறம் மாற்றலாம். வரைந்தவரின் பெயர், மூலத்துக்கும் உரிமத்துக்கும் இணைப்பு, மாற்றியிருந்தால் அதைச் சொல்லும் குறிப்பு: இவை ஒரு வரியில் அடங்கும். அந்த ஒரு வரியைத்தான் கேட்கிறேன்.

கருவியின் மேல் பழி போடுவதை மட்டும் ஏற்க முடியவில்லை. நீங்கள் பயன்படுத்துவதாகச் சொன்ன எஸ்விஜிஓ (எஸ்விஜி வகைப் படக்கோப்புகளைச் சுருக்கும் கருவி), இயல்பமைப்பில் கோப்பின் மேல்விவரத்தையும் (மெட்டாடேட்டா) குறிப்புரைகளையும் நீக்கும் என்பது அதன் ஆவணத்திலேயே இருக்கிறது. ஆச்சரியக்குறியுடன் தொடங்கும் குறிப்புரையை அது விட்டுவைக்கும். அமைப்பில் அந்த நீக்கத்தை அணைக்கவும் முடியும். அதுவும் வேண்டாம் என்றால், தளத்தில் நன்றிப் பக்கம் ஒன்று போதும்; உரிமம் அதையும் ஏற்கிறது.

உங்கள் படவுருத் தொகுப்புக் கோப்பைத் திறந்து பார்த்தபோது, வருத்தம் எனக்காக மட்டும் இல்லை என்று புரிந்தது. ஃபாண்ட் ஆஸம் என்ற இலவசப் படவுருத் தொகுப்பின் ஒவ்வொரு எஸ்விஜி கோப்பிலும் உரிமக் குறிப்பு இருக்கும். அங்கே அது இல்லை. ஃபெதர் என்ற இன்னொரு தொகுப்பின் படவுருக்களும் உங்கள் கோப்பில் இருக்கின்றன. அவற்றுக்கான எம்ஐடி என்ற திறந்த உரிமம் கேட்பதே பதிப்புரிமை அறிவிப்பும் அனுமதி அறிவிப்பும் படியோடு சேர்ந்து போக வேண்டும் என்பதைத்தான். எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கொட்டிய பிறகு எது யாருடையது என்று உங்கள் நிரலாளராலேயே சொல்ல முடியாது. ஒரு படவுருவை உள்ளே எடுக்கும் அன்றே பெயர், மூலம், உரிமம் மூன்றையும் ஓர் உரைக்கோப்பில் எழுதிவைத்தால் இரண்டு நிமிட வேலை. பிறகு தேடினால் நாள்கணக்காகும். இலவசமாகக் கிடைத்தது என்பதாலேயே வரைந்த கை இல்லாமல் போய்விடுமா? அதே பக்கத்தின் அடியில் உங்கள் நிறுவனத்தின் பெயரும் "அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை" என்ற வரியும் இருக்கின்றன. அந்த வரியை எந்தக் கருவியும் நீக்கவில்லை.

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நிபந்தனையை மீறினால் என் படவுருக்களுக்கான கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் தானாகவே முடிந்துவிடும். மீறலை அறிந்த 30 நாட்களுக்குள் சரிசெய்தால் தானாகவே திரும்பக் கிடைக்கும். நீங்கள் பதில் எழுதிய நாளிலிருந்து கணக்கிட்டாலும் இன்னும் 11 நாட்கள் இருக்கின்றன. அதற்குள் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எழுத வேண்டிய வரியை முதல் மின்னஞ்சலிலேயே அனுப்பியிருக்கிறேன். அப்படியே ஒட்டினால் போதும்.

இப்படிக்கு,
அந்த 40 படவுருக்களை வரைந்தவன்