பெட்டி திரும்பி வந்துவிட்டது

அன்பான உறவுகளே,

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின வாரம் எங்கள் கோவில் ஆர்மோனியம் பழுது நீங்கித் திரும்பி வந்தது. பீடத்துக்கு இடப்பக்கம் பழைய இடத்திலேயே வைத்து, துருத்தியை இரண்டு தரம் தட்டி, ஒரு கட்டையை அமுக்கினேன். சத்தம் வந்ததும் விரலை எடுக்க மனசு வரவில்லை. உங்களுக்கெல்லாம் நன்றி சொல்ல அந்தச் சத்தத்துக்காகத்தான் காத்திருந்தேன்.

2023 டிசம்பர் 17, கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. மகிழ்ச்சி ஞாயிறு என்று சொல்வோம். பூசை முடிந்து வீட்டுக்குப் போனோம், மழை விடவேயில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது என்று பிற்பாடு செய்தியில் படித்தோம். மறுநாள் தாமிரபரணி எங்கள் கோவிலுக்குள் வந்துவிட்டது. எங்கள் பங்குச் சாமியார் நற்கருணை அப்பத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்ததை நான் எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்த்தேன். அவருக்கு முன்னால் கம்பை ஊன்றிக் குழி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்த பீடச் சிறுவர்கள் இரண்டு பேருக்கும் என் முதல் நன்றி. மாடியில் கிடந்த எங்களுக்கு இரண்டு நாளும் டிராக்டரில் சோறு கொண்டுவந்த மேலப்பாளையத்துத் தம்பிமாருக்கும், பச்சைப்பிள்ளைக்குப் பால் தேடிக் கொடுத்த டீக்கடை அண்ணாச்சிக்கும் அடுத்தது.

தண்ணீர் வடிந்த பிறகு கோவிலைத் திறந்தோம். முழங்காலளவு சேறு. பூசைச் சாமான்கள் வைக்கும் அறையான சக்ரீஸ்துவில் மரப்பெட்டிக்குள் இருந்த ஆர்மோனியம் ஊறிப்போய்க் கட்டைகள் எல்லாம் மேலெழும்பி நின்றன. அதன் மேல் வைத்திருந்த அப்பாவின் பாட்டு நோட்டு ஒரே நீலமாக இருந்தது.

அந்த நோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா சின்னப் பையனாக இருந்தபோது பூசை லத்தீனில்தான். ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’ என்ற அர்த்தம் தெரியாமலேயே ‘கீரியே எலெய்சோன்’ பாடுவோம் என்பார். (அது லத்தீன்கூட இல்லை, கிரேக்கம் என்று பின்னால் ஒரு சாமியார் சொல்லித்தான் அவருக்கே தெரியும்.) 1963 டிசம்பர் 4-ல் உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்டு, மக்களின் மொழிக்கு வழி திறந்தது. அதற்குப் பிறகு தமிழில் புதுசு புதுசாகப் பாட்டு வர ஆரம்பித்ததும், அப்பா ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு எழுதிவைத்தார். ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ‘5 கட்டை’, ‘மெதுவாக’, ‘பெண்கள் மட்டும்’ என்று குறிப்பு இருக்கும். பேனா மையில் எழுதியது அத்தனையும் கரைந்துபோனது. பால்பாயிண்டில் எழுதிய கடைசிப் பக்கங்கள் மட்டும் தப்பின.

அன்று ராத்திரி நான் செபமாலையைக் கையில் எடுக்கவில்லை, அவ்வளவு கோபம். கழுத்தளவு வந்த வெள்ளத்தைப் பற்றி பைபிளில் 69-ஆம் திருப்பாடல் பேசுகிறது. எத்தனையோ தரம் அதைப் பாடியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதைப் பாடியவனும் கோபத்தோடுதான் பாடியிருக்கிறான் என்று புரிந்தது. கடவுளிடம் முறையிட்டாலும் அது செபம்தான் என்று எனக்குச் சொல்லித்தந்தது அந்தத் திருப்பாடல்தான்.

இப்போது ஆச்சிக்கு வருகிறேன். எங்கள் தெருக்கோடி ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நோட்டு போன கதையைக் கேட்டு, “பாட்டு எங்கிட்ட இருக்கு, பேப்பரக் கொண்டா” என்றார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒருத்தி எழுத உட்கார்ந்தாள். அவள் நடுவில் நிறுத்தி, “அந்த வரிய இன்னொரு தரம் சொல்லுங்க ஆச்சி” என்றால், “ஏட்டி, எனக்குப் பாடத்தான் தெரியும், சொல்லத் தெரியாது” என்று மறுபடி பல்லவியிலிருந்து தொடங்குவார். ஒரு பாட்டுக்கு ஏழெட்டுத் தரம். இரண்டு பேருக்கும் சலிக்கவில்லை. 1542-ல் நம் கடற்கரைக்கு வந்த புனித சவேரியார் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் செபங்களை வாய்மொழியாகத்தான் சொல்லிக்கொடுத்தார். பாளையங்கோட்டைப் பேராலயம் அவர் பேரில்தான் இருக்கிறது. ஆச்சியின் திண்ணையில் எனக்கு அந்த மணிதான் கேட்டது. ஆச்சி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்ல?

கிறிஸ்துமஸ் ராத்திரி கரண்டும் இல்லை, பெட்டியும் இல்லை. மதினி சுருதி எடுத்துக்கொடுக்க, திருவருகைக் காலம் முழுக்கப் பாடாமல் வைத்திருந்த ‘உன்னதங்களிலே’ கீதத்தை மெழுகுதிரி வெளிச்சத்தில் பாடினோம். மணி அடித்தது. அன்றைய பதிலுரைப் பாடல் 96-ஆம் திருப்பாடல்: ஆண்டவருக்குப் புதிய பாடல் பாடச் சொல்வது. முன்வரிசையில் ஆச்சி தொண்டை கட்டிப்போய் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்.

ஆர்மோனியத்தைப் பழுது பார்த்த அண்ணாச்சிக்கு ஒரு வார்த்தை. நெற்றியில் திருநீற்றோடு, “வெயில்ல வச்சிராதீங்கம்மா, பலகை வெடிச்சிரும்” என்று அவர் சொல்லாவிட்டால் நானே அதைக் கெடுத்திருப்பேன். ஒரு மாதம் நிழலில் காயவைத்தார். துருத்தியின் தோலைப் பிரித்துப் புதுசாக ஒட்டினார். பித்தளை ரீடுகளைக் களிம்பு போகத் துடைத்து ஒவ்வொன்றாகச் சுருதி சேர்த்தார். ரீடின் நாக்கை நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும் என்று காட்டினார். ஒரு தரம் சுரண்டுவார், காதருகே வைத்து ஊதிக் கேட்பார், மறுபடி மயிரிழை சுரண்டுவார். அப்பா வாசித்த பெட்டியை ஒருவர் இவ்வளவு பொறுமையாகத் தொடுவதைப் பார்த்து எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

செலவு முழுவதையும் பாடகர் குழுவில் பீடி சுற்றும் அக்காமார் வாரச் சம்பளத்திலிருந்து போட்டார்கள். அவர்கள் வீட்டுக்குள்ளும் அதே தண்ணீர்தான் வந்தது. அக்கா, உங்கள் காசு ஒவ்வொரு கட்டையிலும் இருக்கிறது.

தவக்காலம் என்பதால் பாட்டுக்குத் துணையாக மட்டும் மெல்ல வாசிக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்குப் பாட்டுப் பழக்கம். புது நோட்டில் ஒரு மாதா பாட்டுக்கு மூன்றாம் சரணம் மட்டும் ஆச்சிக்கும் ஞாபகம் வரவில்லை. அந்த இடத்தில் ஆறு வரி காலியாக விட்டிருக்கிறோம். தெரிந்தவர்கள் வந்து பாடுங்கள், பிள்ளை எழுதிக்கொள்வாள்.

நன்றியோடு,
பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிப்பவள்