ஆல்ட்விச் நிலையத்தின் சீட்டுக்கூடத்தை இரவில் திறந்து விடுங்கள்: லண்டன் போக்குவரத்து அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

பூட்டிக் கிடக்கும் சுரங்க ரயில் நிலையங்களைச் சுற்றிப் பார்ப்பதற்கான சீட்டுகள் மறுபடியும் விற்பனைக்கு வந்திருக்கின்றன. அந்தப் பட்டியலில் ஆல்ட்விச்சும் இருப்பதைப் பார்த்த அன்றுதான் இந்த மடலை எழுதியே தீருவது என்று முடிவு செய்தேன். சுற்றுலாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. பழைய கட்டடத்தை மக்கள் காசு கொடுத்துப் போய்ப் பார்க்கிறார்கள் என்றால் அது நல்ல விஷயம்தான். ஆனால் இரவானதும் அதே கட்டடம் பூட்டிக் கிடக்கிறது, இரண்டு நிமிட நடையில் இருக்கும் பஸ் தரிப்பிடங்களில் வேலை முடிந்து வந்தவர்கள் மழையில் நிற்கிறார்கள். அவர்களில் நானும் ஒருத்தி. நிலையத்தின் ஒரு வாசல் இருக்கும் ஸ்ட்ராண்ட் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல் சமையலறையில் பின்னேர வேலை செய்கிறேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஆல்ட்விச் நிலையத்தில் தெருமட்டத்தில் இருக்கும் சீட்டுக்கூடத்தை, மற்ற நிலையங்களில் கடைசி ரயில் போன பிறகு விடியற்காலை முதல் ரயில் வரும் வரை, இரவு வேலைக்காரர்கள் காத்திருக்கும் இடமாகத் திறந்து விடுங்கள். உள்ளே கொஞ்சம் இருக்கைகள், ஒரு ஹீட்டர், கழிப்பறைகள். அவ்வளவுதான்.

இதன் ஆங்கிலப் படி உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக வருகிறது. தமிழிலும் எழுதுவது, அந்தத் தரிப்பிடங்களில் என்னோடு நிற்கும் நம் ஆட்களுக்கு இப்படி ஒரு கோரிக்கை போயிருக்கிறது என்று தெரிய வேண்டும் என்பதற்காக.

நிலையத்தின் வரலாறு என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். 1907இல் ஸ்ட்ராண்ட் என்ற பெயரில் திறந்தது. 1915இல் ஆல்ட்விச் ஆனது. ஹோல்பர்ன் நிலையத்திலிருந்து பிரிந்து வரும் குட்டிக் கிளைப்பாதையின் முடிவிடம் அது. 1962 முதல் வேலைநாட்களில், அதுவும் நெரிசல் நேரங்களில் மட்டும் ரயில் வந்தது. கடைசிக் காலத்தில் நாளுக்கு ஏறத்தாழ 450 பேர்தான் வந்து போனார்கள். 1907இல் பொருத்திய லிஃப்ட்டுகளை மாற்ற 30 லட்சம் பவுண்டு ஆகும் என்றதும் 1994 செப்டம்பர் 30ஆம் திகதி மூடிவிட்டார்கள். அந்தக் கணக்கோடு நான் சண்டைக்கு வரவில்லை. ரயிலை நிறுத்த அது போதுமான காரணமாக இருக்கலாம். மேலே இருக்கும் கூடத்தை முப்பது வருடத்துக்கு மேலாக ஊருக்கு உதவாமல் வைத்திருப்பதற்கு என்ன காரணம்?

வெள்ளி, சனி இரவுகளில் சில பாதைகளில் விடிய விடிய ரயில் ஓடுகிறது. மற்ற இரவுகளில் எங்களுக்கு பஸ் மட்டும்தான். சமையல்காரர்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள், ஆட்டம் முடிந்த பிறகு தியேட்டர்களைக் கூட்டித் துடைப்பவர்கள், அலுவலகக் காவலாளிகள், நடு இரவில் துப்புரவு வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஆல்ட்விச் தெரு வளைவில் இருக்கும் அந்தத் தரிப்பிடங்களில் வந்து நிற்கிறோம். டூட்டிங் பக்கம் போகிறவர்களுக்கு ஆல்ட்விச்சிலிருந்து புறப்படும் என்155 இரவு பஸ். ஈஸ்ட் ஹாம் பக்கம் போகிறவர்களுக்கு என்15. இந்த இரண்டு பஸ்ஸிலும் தமிழ் கேட்காத இரவு குறைவு. தரிப்பிடத்துக் கூரை தலைக்கு மேல் விழும் மழையைத் தடுக்கும், பக்கவாட்டில் அடிக்கும் மழையைத் தடுக்காது. இருக்கை என்று ஒரு சாய்ந்த பலகை இருக்கிறது. அதில் ஒட்டி நிற்கலாம், உட்கார முடியாது.

குளிரைக்கூடச் சமாளித்துவிடலாம். கனமான மேலங்கி போட்டுக்கொள்வோம், ஆளுக்காள் கதைத்துக்கொண்டு நிற்போம். கழிப்பறை இல்லாததை எப்படிச் சமாளிப்பது?

எங்கள் சமையலறையில் பாத்திரம் கழுவும் பகுதியில் ஒரு அக்கா வேலை செய்கிறார். அறுபது வயதை நெருங்குகிறார். சீனி வருத்தம். பாத்திரம் கழுவும் இயந்திரத்தைத் திறக்கும்போதெல்லாம் முகத்தில் ஆவி அடிக்கும். வேர்த்து ஊற்றும். அந்த வேலையைச் செய்துகொண்டே இரவு ஒன்பது மணிக்குப் பிறகு அவர் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கிறார். அது அக்காவுக்கும் தெரியும். குடித்தால் வழியில் என்ன செய்வது என்பதுதான் அவருடைய கேள்வி. வேலை முடிந்து கிளம்பும்போது கழிப்பறைக்குப் போய்விட்டுத்தான் வருவார். அதற்குப் பிறகு தரிப்பிடத்தில் அரை மணி நேரம், பஸ்ஸில் முக்கால் மணி நேரம், இறங்கி வீட்டுக்கு நடை. சீனி வருத்தம் உள்ள உடம்பு அதுவரை பொறுத்திருக்காது.

போன தை மாதம் ஒரு இரவு வீதி வேலை நடந்ததால் பஸ் சுற்றிக்கொண்டு வந்தது, வெகுநேரமாகியும் காணவில்லை. பப்கள் பூட்டியாகிவிட்டது. ஹோட்டலின் பின்கதவில் கார்டைத் தட்டி வெளியே வந்துவிட்டால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். அக்கா ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாறி மாறி நின்றார். பிறகு என் கையை இறுகப் பிடித்தார். பிறகு கையை விட்டுவிட்டார். நான் கழுத்துத் துணியையும் மேலங்கியையும் கழற்றி அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டேன். பஸ் வந்தபோது பாதி இருக்கைகள் காலியாக இருந்தன. ஆனால் அவர் உட்காரவில்லை. டூட்டிங் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார்.

நாற்பது வருடமாக உழைத்து மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்த மனுஷி. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "பேர் மட்டும் போடாதே, மற்றதெல்லாம் எழுது" என்றார்.

அந்த இரவு நாங்கள் நின்ற இடத்திலிருந்து உங்கள் சீட்டுக்கூடம் கூப்பிடு தூரம். கடும்சிவப்பு ஓடு பதித்த முகப்பு, ஸ்ட்ராண்ட் பக்கம் ஒரு வாசல், சரே தெருப் பக்கம் இன்னொரு வாசல். 2022இல் ஸ்ட்ராண்டின் அந்தப் பகுதியை வாகனம் போகாத நடைவெளியாக மாற்றி, பூச்செடிகளும் இருக்கைகளும் வைத்தார்கள். அதற்குப் பிறகு அந்த வாசலுக்கு முன்னால் ஆட்கள் கூடி நின்றாலும் போக்குவரத்துக்கு எந்த இடைஞ்சலும் இல்லை. அந்தக் கூடத்தைத் திறந்து விடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

முதலில் பாதுகாப்பைச் சொல்வீர்கள். சொல்லத்தான் வேண்டும். 1987 நவம்பரில் கிங்ஸ் கிராஸ் நிலையத் தீயில் 31 பேர் இறந்ததையும், அதன் பிறகு நிலத்தடி நிலையங்களுக்குக் கடுமையான விதிகள் வந்ததையும் லண்டனில் யாரும் மறக்கக்கூடாது. அந்த விதிகளில் ஒன்றையும் எங்களுக்காகத் தளர்த்த வேண்டாம். நாங்கள் கீழே இறங்கக் கேட்கவில்லை. லிஃப்ட் வேண்டாம், நடைமேடை வேண்டாம். சுழல்படிக்குப் போகும் வழியைப் பூட்டியே வையுங்கள். தெருவிலிருந்து நேராக உள்ளே வருகிறோம், பஸ் வந்ததும் நேராக வெளியே போகிறோம். 2011 முதல் அது பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதும் தெரியும். ஒரு ஓட்டைக்கூடப் பெயர்க்காமல் உள்ளே நாற்காலி போட முடியும். தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் எப்படிப் போடுவது என்பதை உங்கள் பொறியாளர்கள் பார்த்துச் சொல்லட்டும். பழைய நிலையங்களைக் கையாளுவதில் அவர்களுக்கு இருக்கும் அனுபவம் வேறு யாருக்கும் இல்லை.

ஆட்கள் புழங்க லாயக்கில்லாத இடம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். படப்பிடிப்புக்காரர்களுக்கு அந்த நிலையத்தை எத்தனையோ வருடமாக வாடகைக்கு விடுகிறீர்கள். அவர்கள் விளக்கும் கம்பியும் கமராவுமாக ஒரு கூட்டமே உள்ளே போகிறது. சுற்றுலா வருகிறவர்களைப் படியிறக்கி நடைமேடை வரைக்கும் கூட்டிப்போகிறீர்கள். அந்தச் சீட்டு வாங்க நானும் அக்காவும் பல மணி நேரம் பாத்திரம் கழுவ வேண்டும். காசு கொடுப்பவர்கள் பாதாளம் வரை போகலாம், வேலை முடிந்து வருகிறவர்கள் வாசலுக்குள்கூட வரமுடியாது என்றால் அதை எந்தப் பாதுகாப்பு விதியில் சேர்ப்பது?

உங்கள் நிலையங்களில் இது முதல் தடவையும் இல்லை. 1940 செப்டம்பரில் லண்டன் மேல் ஜெர்மன் குண்டு விழத் தொடங்கியபோது, சுரங்க நிலையங்களில் ஒதுங்கக்கூடாது என்றுதான் அதிகாரிகள் முதலில் சொன்னார்கள். மக்கள் கேட்கவில்லை. மலிவான ஒரு சீட்டை வாங்கிக்கொண்டு, போர்வையும் பிள்ளைகளுமாக இறங்கிப் போய், மேலே வர மறுத்துவிட்டார்கள். அரசாங்கம் இறங்கி வந்தது. அதன் பிறகு நிலையங்களுக்குள் படுக்கைகள் வந்தன, கழிப்பறைகள் வந்தன, தேநீர் வந்தது. ஆல்ட்விச்சில் அந்த மாதமே ரயிலை நிறுத்திவிட்டு மக்களுக்கு ஒதுக்கிடமாக்கினார்கள். 1946இல்தான் மறுபடியும் ரயில் ஓடியது. அதே நிலையத்தின் இன்னொரு சுரங்கத்தில் பிரிட்டிஷ் மியூசியத்தின் பொக்கிஷங்களைப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். போர்க்காலத்தில் முடிந்தது என்றால் இப்போது ஏன் முடியாது?

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. நாங்கள் போகும் என்155 கிளாபம் சவுத் வழியாகத்தான் போகிறது. அங்கே ரயில் நிலையத்துக்கு அடியில், போர்க்காலத்தில் தோண்டிய ஆழ்நிலை ஒதுக்கிடம் இருக்கிறது. 1948 ஜூனில் எம்பயர் விண்ட்ரஷ் கப்பலில் கரீபியன் தீவுகளிலிருந்து வந்து, தங்க இடமில்லாமல் நின்ற 200க்கும் மேற்பட்டவர்களை அங்கேதான் தங்க வைத்தார்கள். வேலை தேடிப் பக்கத்தில் இருந்த பிரிக்ஸ்டன் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனார்கள், பலர் அந்தப் பகுதியிலேயே குடியேறினார்கள். இன்றைய பிரிக்ஸ்டனின் தொடக்கத்தில் அந்தச் சுரங்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. எங்களுக்கு முன்னால் இந்த நகரத்துக்கு உழைக்க வந்தவர்களுக்கு நிலத்தடியில் படுக்கை கொடுத்திருக்கிறீர்கள். நாங்கள் படுக்கை கேட்கவில்லை.

பூட்டிய மற்ற நிலையங்களும் ஒதுக்கிடங்களும் என்ன ஆயின என்று பார்க்கிறேன். 1934இல் மூடிய பிராம்டன் ரோடு நிலையத்தைப் பாதுகாப்பு அமைச்சு 2014இல் 5 கோடி 30 லட்சம் பவுண்டுக்கு விற்றது. 1924இல் மூடிய சவுத் கென்டிஷ் டவுனில் இப்போது கட்டணம் கொடுத்துப் போய் விளையாடும் புதிர் விளையாட்டுக் கூடம். கிளாபம் காமனில் இருக்கும் போர்க்கால ஒதுக்கிடத்தில் சில வருடம் செயற்கை வெளிச்சத்தில் கீரை வளர்த்தார்கள். அது எனக்கு மிகவும் பிடித்த யோசனை. மூடிக் கிடக்கும் டவுன் ஸ்ட்ரீட் நிலையத்தைக் காட்ட ஆட்களைக் கூட்டிப்போகிறீர்கள். இத்தனை யோசனைகளில், இரவில் நகரத்தைத் துடைத்து வைப்பவர்களுக்கு என்று ஒன்றுகூட இல்லை. நிலையங்களை விடுங்கள், விக்டோரியா காலத்தில் தெருவுக்கு அடியில் கட்டிய பொதுக் கழிப்பறைகளையே காபிக்கடையாகவும் மதுக்கடையாகவும் மாற்றிவிட்டார்கள். பொதுக் கழிப்பறை வைத்தே ஆகவேண்டும் என்று இங்கிலாந்தில் எந்த நகரசபைக்கும் சட்டக் கட்டாயம் இல்லை. அதனால் ஒன்றொன்றாக மூடிக்கொண்டே போகிறார்கள். ஒரு நகரம் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது என்று பெருமை பேசினால், அதை இயக்குகிறவர்கள் ஒன்றுக்குப் போக ஓர் இடம் வைத்திருக்க வேண்டாமா? ஆண்களாவது ஏதாவது ஒரு சந்துக்குள் போகிறார்கள், அதுவும் தண்டனைக்குரிய குற்றம். பெண்கள் என்ன செய்வது? தண்ணீர் குடிக்காமல் இருக்கிறோம். அதுதான் நாங்கள் கண்டுபிடித்த வழி.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நகரசபைகளுக்கு நீங்கள் பொறுப்பில்லை. ஆல்ட்விச்சுக்கு நீங்கள்தான் பொறுப்பு.

2024இல் நிலையங்களின் கழிப்பறை வசதிக்காக, ஐந்து வருடங்களுக்கு வருடம் 30 லட்சம் பவுண்டு ஒதுக்குவதாக அறிவித்தீர்கள். மனதார வரவேற்றேன். ஆனால் ரயில் நின்றதும் நிலையத்தோடு சேர்த்து அந்தக் கழிப்பறைகளும் பூட்டப்படுகின்றன. ரயில் இல்லாத நேரத்தில்தான் நாங்கள் தெருவில் நிற்கிறோம். ரயிலே ஓடாத ஒரு நிலையத்தை அந்த நேரத்தில் திறப்பதால் உங்கள் ரயில் வேலை எதுவும் தடைப்படாது.

ஆகவே தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். உடனே நிரந்தரமாக வேண்டாம். வரும் நவம்பர் முதல் மார்ச் வரை ஒரு குளிர்காலம் மட்டும் சீட்டுக்கூடத்தை இரவில் திறந்து பாருங்கள். வாசலில் இரண்டு ஊழியர்கள் இருக்கட்டும். பஸ் எத்தனை நிமிடத்தில் வரும் என்று காட்டும் திரை ஒன்றை உள்ளே வையுங்கள், இல்லாவிட்டால் எல்லோரும் வாசலிலேயே வந்து நிற்போம். நிரந்தரக் குழாய் வேலை முடியும் வரை தற்காலிகக் கழிப்பறை வைத்தாலும் போதும். திருவிழாவுக்கும் கட்டட வேலைக்கும் கொண்டுவந்து வைக்கிற மாதிரியானதுதான். இரவில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணுங்கள். 1994இல் ஆட்களை எண்ணித்தானே மூடினீர்கள்? திறப்பதையும் அதே மாதிரி எண்ணி முடிவு செய்யுங்கள். யாரும் வரவில்லை என்றால் ஏப்ரலில் பூட்டிவிடுங்கள், நான் வாய் திறக்கமாட்டேன்.

முடியும் என்றால் எந்த மாதம் என்று சொல்லுங்கள். முடியாது என்றால் எந்த விதி தடுக்கிறது என்று சொல்லுங்கள், அந்த விதி யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கு அடுத்த மடலை எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஸ்ட்ராண்டில் இரவு வேலை செய்யும் ஒரு தமிழ்ப் பெண்